முதல் முறையாக கோர்ட் படி ஏறுகிறேன், எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

வாசகி கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். 2024 தீபாவளி முடிந்த வாரத்தில் என் கடைக்கு எதிரே ஒரு வேன் மோதி, சைக்கிளில் வந்த பெரியவர் இறந்துபோனார். நான் கண்ணால் பார்த்தேன். போலீசார் வந்து விசாரித்து எழுதிக்கொண்டு போனார்கள், கையெழுத்து வாங்கவில்லை. இப்போது ஜே.எம். கோர்ட்டிலிருந்து (மாஜிஸ்திரேட் கோர்ட்) சாட்சி சம்மன் வந்திருக்கிறது. எங்கள் குடும்பத்தில் யாரும் கோர்ட் படி ஏறியதில்லை. என்ன உடுத்திப் போவது, நீதிபதியை எப்படிக் கூப்பிடுவது, எப்படி நிற்பது, ஒன்றும் தெரியவில்லை. எதிர்த் தரப்பு வக்கீல் மடக்கி மடக்கிக் கேட்பாராம். ‘நான் பார்க்கவில்லை, எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்துவிடு’ என்கிறார் வீட்டுக்காரர். காலேஜ் படிக்கும் மகளைத் துணைக்கு அழைத்துப் போகலாமா? ஒரு முறை சொல்லிவிட்டால் மறுபடியும் கூப்பிடுவார்களா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் வீட்டுக்காரர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். அவர் உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார், அது புரிகிறது. ஆனால் அவர் நினைப்பதுபோல் அது சுலபமான வழி இல்லை. போலீஸ் விசாரணையில் ‘பார்த்தேன்’ என்றவர் கூண்டில் ஏறி ‘பார்க்கவில்லை’ என்றால், அவரைப் பிறழ் சாட்சியாகக் கருதி குறுக்கு விசாரணை செய்ய அனுமதி வேண்டும் என்று அரசு வக்கீலே நீதிபதியிடம் கேட்பார். அதாவது, எந்தக் கேள்விகளுக்குப் பயந்து ஒதுங்குகிறீர்களோ, அதே மாதிரிக் கேள்விகள் உங்கள் தரப்பிலிருந்தே வரும். தெரிந்தே பொய்ச் சாட்சி சொல்வது 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை உள்ள குற்றம் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். போகாமலே இருந்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அதுவும் வேண்டாம். சம்மனை வாங்கிக்கொண்டு வராத சாட்சிக்குப் பிடிவாரண்ட் போட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். சைக்கிளில் வந்த அந்தப் பெரியவருக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்ல உங்களைப்போல் நேரில் பார்த்தவர்கள்தான் இருக்கிறார்கள். கோர்ட் மரியாதை என்றவுடன் எல்லோரும் உடையையும் கும்பிடையும்தான் நினைக்கிறார்கள். இத்தனை காலத் தொழிலில் நான் புரிந்துகொண்டது, சாட்சி கோர்ட்டுக்குச் செய்யும் பெரிய மரியாதை, வந்து நின்று பார்த்ததைப் பார்த்தபடி சொல்வதுதான். மற்றவை எல்லாம் அதற்கு உதவி செய்பவை.

இனி நீங்கள் கேட்டவற்றுக்கு வருகிறேன். சம்மனில் சி.சி. எண் என்ற வழக்கு எண், தேதி, கோர்ட்டின் பெயர் இருக்கும். இ-கோர்ட்ஸ் சர்வீசஸ் என்ற செயலி இலவசம். வழக்கு எண்ணையோ, ஒவ்வொரு வழக்குக்கும் தனி அடையாளமாகத் தரப்படும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணையோ போட்டால் வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அடுத்த தேதி என்ன என்று உங்கள் மகளே பார்த்துச் சொல்லிவிடுவாள். கிளம்புவதற்கு முந்தின நாள், சம்மன் கொண்டுவந்த காவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வக்கீல்கள் கோர்ட் புறக்கணிப்பு அறிவித்திருந்தாலோ, நீதிபதி விடுப்பில் இருந்தாலோ முன்கூட்டியே தெரிந்துவிடும்.

உடை பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கடைக்கு வரும் மரியாதைப்பட்டவர் முன் எப்படி நிற்பீர்களோ அப்படி ஒரு சாதாரணப் புடவை போதும். பட்டு தேவையில்லை, பளபளப்பும் தேவையில்லை. ஆண்களுக்கு வேட்டி சட்டையோ பேன்ட் சட்டையோ சரி. லுங்கி, அரைக்கால் சட்டை வேண்டாம். சம்மனையும் ஆதார் போன்ற ஓர் அடையாள அட்டையையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலை பத்தரைக்கு கோர்ட் உட்காரும். நீங்கள் பத்து மணிக்கே அங்கே இருங்கள். முதலில் அந்தக் கோர்ட்டின் காவலரையோ அரசு வக்கீலையோ பார்த்து ‘இந்த வழக்கில் சாட்சியாக வந்திருக்கிறேன்’ என்று சொல்லிவிடுங்கள். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அரசு உதவி வழக்கு நடத்துநர் என்பவர் அரசு தரப்பை நடத்துவார், எல்லோரும் ஏ.பி.பி. என்பார்கள். அவரிடம் பேசுவது தப்பில்லை. உங்கள் பெயரில் போலீசார் எழுதிய வாக்குமூலத்தில் என்ன இருக்கிறது என்று அவரிடமே கேட்கலாம். ‘நான் கையெழுத்தே போடவில்லையே’ என்று எழுதியிருந்தீர்கள். அது குறை இல்லை. போலீஸ் விசாரணையின்போது எழுதப்படும் சாட்சி வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்து வாங்கக் கூடாது என்பதுதான் சட்டம்.

வராந்தாவில் காத்திருக்கும் நேரம் சிக்கலானது. வேன் டிரைவர் தரப்பு ஆட்களும் அங்கேதான் நிற்பார்கள். ‘அக்கா, வாங்க டீ சாப்பிடலாம், அவனும் பிள்ளைகுட்டிக்காரன்தான்’ என்று யாராவது அன்பாகக் கூப்பிடலாம். கோபப்பட வேண்டாம், வாதாடவும் வேண்டாம். ‘வேண்டாம்ப்பா, நான் சாட்சிக்கு வந்திருக்கிறேன்’ என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள். இறந்தவரின் குடும்பத்தாரிடமும் அதே அளவு தள்ளி நில்லுங்கள். அவர்கள் துக்கம் உங்களை உருக்கும். ஆனால் சாட்சி சொல்வதற்கு முன் அவர்களோடு உட்கார்ந்து சம்பவத்தைப் பேசினால், குறுக்கு விசாரணையில் ‘பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள்’ என்று கேட்க அது போதும். போலீஸ்காரர் யாராவது ‘இப்படிச் சொல்லுங்க’ என்று புதிதாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னாலும் ‘பார்த்ததைச் சொல்கிறேன் சார்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிரட்டல் என்ற அளவுக்குப் போனால் உடனே ஏ.பி.பி.யிடம் சொல்லுங்கள். 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் பாதுகாப்பு கேட்டு மனு கொடுக்கலாம். அதற்கு வழிகாட்ட இலவச சட்ட உதவி எண் 15100 இருக்கிறது.

மகளைத் தாராளமாக அழைத்து வாருங்கள். கோர்ட் பொதுமக்கள் பார்க்கக்கூடிய இடம், இது மூடிய அறையில் நடக்கும் விசாரணையும் இல்லை. அவள் பின் பெஞ்சில் அமைதியாக உட்காரட்டும். நீங்கள் கூண்டில் இருக்கும்போது தலையாட்டுவதோ, கண்ஜாடை காட்டுவதோ கூடவே கூடாது. அம்மாவுக்கு உதவுவதாக நினைத்துப் பிள்ளைகள் இதைச் செய்துவிடுகிறார்கள். எதிர்த் தரப்பு வக்கீல் கண்ணில் பட்டால் அங்கேயே அதைச் சொல்லிக் காட்டுவார். இருவருடைய செல்போனும் அணைத்தே இருக்க வேண்டும். சைலன்ட் மோடில் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அம்மா சாட்சி சொல்வதை ஒரு போட்டோ, ஒரு சின்ன வீடியோ என்று இந்தத் தலைமுறைக்குக் கை துறுதுறுக்கும். கோர்ட் அனுமதி இல்லாமல் படம் எடுப்பதும் பதிவு செய்வதும் போனைப் பறிகொடுப்பதில் தொடங்கி அவமதிப்பு நடவடிக்கை வரை போகலாம்.

உள்ளே நுழையும்போதும் வெளியேறும்போதும் நீதிபதி இருக்கும் திசை நோக்கி லேசாகத் தலை தாழ்த்துவது வழக்கம். நீதிபதி வரும்போதும் எழும்போதும் எல்லோரும் எழுந்து நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள். கால் மேல் கால் போட்டு உட்காருவது, வெற்றிலை, சூயிங்கம் மெல்வது, பக்கத்தில் இருப்பவரோடு கிசுகிசுப்பது, செய்தித்தாள் விரிப்பது எல்லாம் கூடாது. விசாரணை நடத்தும் நீதிபதியை வேண்டுமென்றே அவமதிப்பதும், விசாரணைக்கு இடையூறு செய்வதும் தண்டனைக்குரிய குற்றம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அதற்கு 6 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. தெரியாமல் ஒரு சின்னத் தவறு செய்துவிட்டால் யாரும் சிறையில் போட மாட்டார்கள். ‘மன்னிக்கணும் ஐயா’ என்றால் அதோடு முடிந்துவிடும்.

டவாலி என்ற கோர்ட் ஊழியர் வாசலில் நின்று உங்கள் பெயரை மூன்று முறை கூப்பிடுவார். பெயர் சில சமயம் அடையாளமே தெரியாமல் சிதைந்து வரும், காதைத் தீட்டிக்கொண்டிருங்கள். உங்களுக்கு முந்தைய சாட்சி பேசும்போது உங்களை வெளியே நிற்கச் சொல்வார்கள். அவர் சொன்னதைக் கேட்டு நீங்கள் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான், அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முடித்துவிட்டு வெளியே வருபவரிடம் ‘என்ன கேட்டாங்க?’ என்று விசாரிக்கவும் வேண்டாம்.

கூண்டில் ஏறியதும் சத்தியப் பிரமாணம். கீதையின் மேல் கை வைக்க வேண்டுமா என்று நிறையப் பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அப்படி எந்த நூலும் தேவையில்லை. 1969-ஆம் ஆண்டின் பிரமாணச் சட்டப்படி, கடவுள் பெயரால் ஆணையிடலாம் அல்லது உளமார உறுதி கூறலாம். நீங்கள் சொல்லப்போவது உண்மை, முழு உண்மை, உண்மையைத் தவிர வேறில்லை என்பதுதான் அதன் சாரம். கோர்ட் ஊழியர் சொல்லச் சொல்ல நீங்கள் திரும்பச் சொன்னால் போதும்.

நீதிபதியை ‘ஐயா’ என்றோ, பெண் நீதிபதியாக இருந்தால் ‘அம்மா’ என்றோ அழையுங்கள். ‘மை லார்ட்’ எல்லாம் வேண்டாம். வக்கீல்களுக்கே இந்திய பார் கவுன்சில் 2006-இல் அதைக் கைவிட வழி செய்து, கீழமை நீதிமன்றங்களில் ‘சார்’ என்றோ அந்தந்த மொழியில் அதற்குச் சமமான சொல்லிலோ அழைத்தால் போதும் என்று விதி கொண்டுவந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த கே. சந்துரு தன்னை ‘மை லார்ட்’ என்று அழைக்க வேண்டாம் என்று வக்கீல்களைக் கேட்டுக்கொண்டதும், முன்னால் செங்கோல் ஏந்தி நடக்கும் ஊழியர் வேண்டாம் என்று விட்டதும் எல்லோரும் அறிந்தது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இன்றைக்கும் கிராமத்திலிருந்து வரும் சிலர் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, உடம்பைக் குறுக்கிக் கைகட்டி நிற்கிறார்கள். பார்க்கும்போது எனக்கு மனசு வலிக்கும். எந்தச் சட்டமும் அதைக் கேட்கவில்லை. நீங்கள் குற்றம் செய்தவர் இல்லை, உதவிக்கு வந்தவர். நேராக நில்லுங்கள், ஒரு வணக்கம் சொல்லுங்கள், அது போதும். முட்டி வலி, தலைசுற்றல் இருந்தால் ‘உட்கார்ந்து சொல்லலாமா ஐயா?’ என்று கேளுங்கள். நாற்காலி போடச் சொல்வார்கள். தண்ணீரும் கேட்கலாம்.

முதலில் ஏ.பி.பி. கேட்பார். இது முதல் விசாரணை. கேள்வியை அவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டு, பதிலை நீதிபதியைப் பார்த்துச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வது பக்கத்தில் தட்டச்சாகிக்கொண்டே இருக்கும், அதனால் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்தி, அது முடிந்ததும் அடுத்ததைச் சொல்லுங்கள். தலையாட்டினால் அது பதிவாகாது, வாய் திறந்து சொல்ல வேண்டும். எழுதி எடுத்துவந்த தாளைப் பார்த்துப் படிக்கக் கூடாது. நீதிபதி அனுமதித்தால் தவிர.

விபத்து வழக்குகளில் போலீஸ் வாக்குமூலம் எல்லாவற்றிலும் ஒரே வரி இருக்கும்: ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதி…’. சாட்சிகள் அதை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். அந்த வரியால் யாருக்கும் பயன் இல்லை. வேகம் என்றால் எவ்வளவு, அஜாக்கிரதை என்றால் என்ன செய்தார் என்ற அடுத்த கேள்வியிலேயே சாட்சி தடுமாறிவிடுவார். நீங்கள் பார்த்ததை மட்டும் உங்கள் பேச்சிலேயே சொல்லுங்கள். கடையில் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள், சாலை தெரிந்ததா, பெரியவர் சாலையின் எந்தப் பக்கம் போனார், வேன் எந்தத் திசையிலிருந்து வந்தது, ஹாரன் கேட்டதா, மோதிய பிறகு எவ்வளவு தூரம் போய் நின்றது. வண்டி எண் நினைவில்லை என்றால் நினைவில்லை என்று சொல்லுங்கள். அஜாக்கிரதையா இல்லையா என்பதை நீதிபதி முடிவு செய்வார். டிரைவரை அடையாளம் காட்டச் சொன்னால் சாந்தமாகக் கையைக் காட்டிச் சொல்லுங்கள், அவரைப் பார்த்து ஒரு வார்த்தையும் பேச வேண்டாம்.

அப்புறம் நீங்கள் பயப்படும் குறுக்கு விசாரணை. எதிர்த் தரப்பு வக்கீல் உங்களுக்கு எதிரி இல்லை என்பதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். தன் கட்சிக்காரருக்காக உங்கள் சாட்சியத்தைச் சோதிப்பது அவருடைய கடமை. அவரையும் ‘சார்’ என்றே சொல்லுங்கள்.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் பழகிக்கொண்டு போங்கள். அவர் கேட்கும் கேள்விகளில் பல, கேள்வி மாதிரியே இருக்காது. ‘சம்பவ நேரத்தில் நீங்கள் கடையிலேயே இல்லை, போலீஸ் சொல்லிக் கொடுத்துப் பொய்ச் சாட்சி சொல்கிறீர்கள் என்று சொல்கிறேன்’ என்பார். முதல் முறை கேட்பவர்களுக்கு ரத்தம் கொதிக்கும். ‘என்னைப் பார்த்தா பொய் சொல்றவ மாதிரி இருக்கா?’ என்று சண்டைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அது உங்களைத் திட்டுவது இல்லை. தன் தரப்பு வாதத்தை உங்கள் முன் வைத்து மறுப்பா ஒப்புதலா என்று கேட்கும் முறை அது. வைக்காமல் விட்டால் பின்னால் அந்த வாதத்தை எடுக்க அவருக்குச் சிரமம். உங்கள் பதில் ‘சரியல்ல’ என்ற ஒற்றைச் சொல்லாக இருக்கட்டும். ‘நான் சம்பவ இடத்தில் இல்லை என்று சொன்னால் சரியல்ல’ என்று அது பதிவாகும். உண்மையான விஷயத்தை அப்படி வைத்தால், உதாரணமாக ‘உங்கள் கடைக்கு முன்னால் அன்று ஒரு லாரி நின்றிருந்தது’ என்று சொல்லி, அது நின்றிருந்ததும் உண்மையானால், ‘சரிதான்’ என்று ஒப்புக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் மறுப்பவரை யாரும் நம்ப மாட்டார்கள்.

இன்னொரு கண்ணி நம் மொழிப் பழக்கத்தில் இருக்கிறது. ‘நீங்கள் மோதியதைப் பார்க்கவில்லை, சத்தம் கேட்டுத்தான் திரும்பினீர்கள், அப்படித்தானே?’ என்று கேட்டால் பேச்சு வாக்கில் ‘ஆமா’ என்று வந்துவிடும். எதற்கு ஆமாம் சொன்னீர்கள் என்று உங்களுக்கே தெரியாது, ஆனால் பதிவாகிவிடும். ‘அப்படித்தானே’, ‘இல்லையா’ என்று முடியும் கேள்விக்கு ஆமாம், இல்லை என்று விடாமல் முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்: ‘மோதியதை நான் பார்த்தேன்.’ இரண்டு கேள்வியை ஒன்றாகக் கட்டிக் கேட்டால் ‘தனித்தனியாகக் கேளுங்கள் சார்’ எனலாம். புரியாவிட்டால் ‘கேள்வி புரியவில்லை’ என்பது முழு மரியாதையான பதில்.

தூரம், நேரம் கேட்டால் ஊகிக்க வேண்டாம். ‘எத்தனை அடி?’ என்றால், ‘அளந்து பார்க்கவில்லை, எங்கள் வாசலிலிருந்து சாலையின் அந்தப் பக்கம் வரை’ என்று உங்களுக்குத் தெரிந்த அளவில் சொல்லுங்கள். தெரியாது என்பது அவமானம் இல்லை; தெரியாததற்கு ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு அதைக் காப்பாற்றப் போராடுவதில்தான் நல்ல சாட்சிகள் விழுகிறார்கள். ‘இதைப் போலீசிடம் சொன்னீர்களா?’ என்றால், சொன்னதாக நினைவிருந்தால் ‘சொன்னேன்’ என்று சொல்லுங்கள். அவர்கள் எழுதினார்களா இல்லையா என்பதற்கு நீங்கள் பொறுப்பில்லை. கேட்காததைச் சொல்ல வேண்டாம், பதில் கேள்வியும் கேட்க வேண்டாம்.

வக்கீல் குரலை உயர்த்தினால் உங்கள் குரல் உயரக் கூடாது. வழக்குக்குச் சம்பந்தமில்லாமல் உங்கள் நடத்தையையோ குடும்பத்தையோ இழிவாகக் கேட்டால், அவருக்குப் பதில் சொல்லாமல் நீதிபதியைப் பாருங்கள்: ‘ஐயா, இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டுமா?’ அவமானப்படுத்துவதற்காகவே கேட்கப்படும் கேள்வியைத் தடுக்க சாட்சியச் சட்டம் நீதிபதிக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. ஏ.பி.பி.யும் ஆட்சேபிப்பார். யாராவது ஆட்சேபம் சொன்னால் உடனே நிறுத்திவிட்டு, நீதிபதி சொன்ன பிறகு பேசுங்கள். சாட்சி எப்படி நடந்துகொண்டார் என்பதையும் நீதிபதி குறித்து வைக்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே நிதானமாக நிற்பது உங்கள் சாட்சியத்துக்கே வலு.

முடிந்ததும் அவசரமாக இறங்கி ஓடிவிடாதீர்கள். நீங்கள் சொன்னதை உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும், அல்லது படித்துப் பார்க்கக் கொடுக்க வேண்டும். பொறுமையாகப் பாருங்கள். இடதுபுறம் என்றது வலதுபுறம் என்று ஆகியிருந்தால் கையெழுத்துக்கு முன்பே சொல்லுங்கள். திருத்துவதோ, உங்கள் ஆட்சேபத்தைக் குறித்து வைப்பதோ நீதிபதியின் பொறுப்பு. நேரமாகிறது, எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்ற கூச்சத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. பிறகு கோர்ட் எழுத்தரான பெஞ்ச் கிளார்க்கிடம் சாட்சிப் படி பற்றிக் கேளுங்கள். கடையை மூடிவிட்டு வந்திருக்கிறீர்கள், பயணச் செலவு உண்டு. அது பிச்சை இல்லை, சாட்சிகளுக்கு நியாயமான செலவு கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம் என்று சட்டம் சொல்கிறது.

அன்றைக்கே விசாரணை நடக்காமல் வாய்தா போனால் மனம் சோரும். வந்திருக்கும் சாட்சியை விசாரிக்காமல் அனுப்புவதாக இருந்தால் அதற்குத் தனிக் காரணம் எழுத வேண்டும் என்றுதான் சட்டம். ஆனாலும் நடக்கிறது. ‘ஐயா, நான் கடையை மூடிவிட்டு வந்திருக்கிறேன், இன்றே விசாரித்தால் உதவியாக இருக்கும்’ என்று நீதிபதியிடம் பணிவாகச் சொல்லலாம், பல நீதிபதிகள் காது கொடுப்பார்கள். முடியாவிட்டால் அடுத்த தேதியை எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

மறுபடி கூப்பிடுவார்களா என்று கேட்டிருந்தீர்கள். இரு தரப்பும் கேட்டு முடித்துவிட்டால் பெரும்பாலும் உங்கள் வேலை அதோடு முடிந்தது. வழக்குக்கு அவசியம் என்று நீதிமன்றம் கருதினால் சாட்சியைத் திரும்ப அழைக்கலாம். அப்போது முறைப்படி தகவல் வரும். அது இல்லாமல் யாராவது போனில் ‘இன்னொரு கையெழுத்து பாக்கி’ என்றோ, வீட்டுக்கு வந்து ‘சொன்னதை மாற்றி எழுதிக் கொடுங்கள்’ என்றோ கேட்டால், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வந்தவர் யார், என்றைக்கு வந்தார், என்ன சொன்னார் என்று குறித்துக்கொண்டு அன்றைக்கே ஏ.பி.பி. அலுவலகத்தில் தெரிவித்துவிடுங்கள்.